டிம்ல போனாலும் எதிர்ல வர்றவங்களுக்கு கண்ணு கூசுதா?

கார் ஹெட்லைட்ட டிம்ல (கீழ பாத்து அடிக்கிற வெளிச்சத்துல) வச்சுதான் போறேன், ஆனாலும் எதிர்ல வர்ற வண்டியெல்லாம் லைட்ட அடிச்சு அடிச்சு காட்டுறாங்கனு கேட்டிருக்கீங்க, அப்போ உங்க லைட் மேல பாத்து நிக்குதுங்க.

முதல்ல ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3னு சின்ன வீல் இருக்கானு பாருங்க. டிரைவர் மட்டும்னா 0. பின் சீட்ல ஆளு, டிக்கில லக்கேஜ்னு ஏறினா வண்டி பின்னாடி அமுங்கி மூக்கு தூக்கிக்கும், கூடவே லைட்டும் ஏறிடும், அப்போ 2, 3னு வச்சாதான் இறங்கும். நிறைய பேர் அத தொடுறதே இல்ல.

அப்புறம் செவுத்து டெஸ்ட். டயர் காத்து சரிபாத்து, சமதரையில செவுத்துலேர்ந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. லைட்டோட நடு உயரத்த அளந்து செவுத்துல டேப் ஒட்டி டிம் போட்டா, வெளிச்சத்தோட மேல் விளிம்பு டேப்புக்கு ஒரு 5 செ.மீ. கீழ விழணும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும், ரோட்டோரம் நடக்குறவங்க தெரியறதுக்காக, அது தப்பில்ல. மேல் விளிம்பு அதவிட மேல விழுந்தா ஹெட்லைட்டுக்குப் பின்னாடி இருக்குற ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க.

ஆனா ஹாலஜன் லைட்டுக்குள்ள வெளியில வாங்குன எல்இடி பல்பு போட்டிருந்தா எவ்ளோ திருப்பினாலும் வெளிச்சம் சிதறும், தயவுசெஞ்சு கழட்டிடுங்க. நானும் போட்டிருந்தேன், எதிர்ல குழந்தைய முன்னாடி உக்கார வச்சு பைக்ல வந்தவரு ஒரு கையால கண்ண மறைச்சுட்டே ஓட்டினத பாத்து அன்னைக்கே பழைய பல்ப மாட்டிட்டேன்.