மொய் நோட்டு மட்டும் ஏன் தொலைவதில்லை?

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை, கணவர் ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளர். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகள். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 20ஆம் தேதிக்குமேல் கையில் பணம் நிற்பதில்லை. செலவுக் கணக்கு எழுத மூன்று செயலிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் பத்து நாள் தாண்டி எழுதியதில்லை. சென்ற ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காகச் சங்கிலியை அடகு வைத்தோம். பைக் இன்சூரன்ஸ் முடிந்ததைக் கவனிக்காமல் ஓட்டி 2,000 ரூபாய் அபராதமும் கட்டினோம். கணக்குக் கேட்டாலே, "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று கணவர் கோபப்படுகிறார். எங்கள் வரவு செலவை இத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறேன். நல்ல செயலி எது? இல்லை, எனக்கு ஒழுங்கு என்பதே வராதா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. உங்கள் வீட்டில் மொய் நோட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். உங்கள் திருமணத்துக்கோ, பிள்ளைகளின் காதுகுத்துக்கோ யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது ஊர்ப் பெயருடன் அதில் வரிசையாக இருக்கும். பல ஆண்டுகள் கடந்தும், வீடு மாறியும் அந்த நோட்டு தொலைந்திருக்காது. இன்ன பீரோவில் இன்ன தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். ஒரு கணக்கை இத்தனை காலம் பத்திரமாகக் காத்துவரும் குடும்பத்தைப் பார்த்து ஒழுங்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்த நோட்டு நிலைத்ததற்குக் காரணம் அதை எழுதியவர்களின் ஒழுக்கம் மட்டுமன்று. அதை எடுத்துப் படித்தே ஆகவேண்டிய வேளை ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் காரணம். கல்யாணப் பத்திரிகை வந்தவுடன், கிளம்புவதற்கு முந்தைய இரவு, "அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்?" என்ற கேள்வி எழுகிறது, நோட்டு ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறது. நீங்கள் பயன்படுத்திய மூன்று செயலிகளிலும் எழுதுவதற்கு இடம் இருந்தது, ஆனால் அவற்றைத் திறந்து பார்த்து ஒரு முடிவெடுக்கும் வேளை உங்கள் வாரத்தில் இல்லை. படிக்கும் நாள் இல்லாத கணக்கை யாராலும் தொடர்ந்து எழுத முடியாது. ஆகவே எதில் எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கேள்விக்காக, எந்தக் கிழமையில் படிக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிப்போம்.

நீங்கள் அனுப்பிய விவரத்தை இருமுறை படித்தேன். அதில் மாதச் செலவுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆண்டுச் செலவுகளை மட்டும் "அவ்வப்போது வருபவை" என்று கடைசியில் ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஜூனிலும் அக்டோபரிலுமாகப் பள்ளிக் கட்டணம் 64,000, புத்தகம், சீருடை 9,000, மருத்துவக் காப்பீடு 18,000, இரண்டு வண்டிகளின் இன்சூரன்ஸ் 3,600, தீபாவளி 15,000, மொய், சீர் வகையில் 12,000, குலதெய்வக் கோயில் பயணம் 5,000. ஆக மொத்தம் 1,26,600 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,550. அதாவது, மாதம் 52,000 ரூபாய் வருகிறது என்று எண்ணிக் குடும்பம் நடத்துகிறீர்கள். உண்மையில் உங்கள் மாத வருமானம் 41,450 ரூபாய்தான். உங்கள் 20ஆம் தேதிச் சிக்கலுக்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் அது ஒவ்வோர் ஆண்டும் திடீரென்று வந்த செலவைப்போல உங்களைத் தாக்கி, சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பி, அதற்கு வட்டியையும் அடுத்த மாதங்களின் தலையில் ஏற்றிவிடுகிறது. காய்கறியிலும் தேநீரிலும் மிச்சம் பிடித்து இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

எனவே முதல் வேலையாக, சம்பளம் வந்த அன்றே 10,550 ரூபாயை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை யுபிஐ செயலியில் இணைக்க வேண்டாம். அதன் ஏடிஎம் அட்டை பீரோவிலேயே இருக்கட்டும். மாதந்தோறும் ஒரு தொகை கட்டும் தொடர் வைப்பு (ஆர்.டி.) இதற்குப் பொருந்தாது. அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது; வங்கியில் ஓராண்டுக்குப் போட்டாலும், நடுவில் அக்டோபர் கட்டணம் வரும்போது முறிக்க நேரும். இந்தப் பணம் ஆண்டு முழுவதும் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கவேண்டிய பணம், சாதாரணச் சேமிப்புக் கணக்கே இதற்குப் போதும். உடனே 10,550 ஒதுக்க இயலாது என்றால் 5,000 ரூபாயில் தொடங்குங்கள். முதல் ஆண்டில் பள்ளிக் கட்டணத்தின் ஒரு பகுதிக்குத்தான் அது வரும். ஆனால் அடகு வைக்கும் தொகை அந்த அளவுக்குக் குறையும், மீட்பதும் விரைவில் நடக்கும்.

இனி மாதச் செலவுக்கு வருவோம். 41,450இல் வாடகை 9,500, சீட்டு 5,000, வண்டித் தவணை 3,200, தொலைபேசியும் இணையமும் 1,200, பால் 2,400 போகின்றன. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 1,800 வருவதால் மாதத்துக்கு 900 என்று வைத்துக்கொள்வோம். மளிகைக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் சேர்த்து 7,000. இவை எல்லாம் முன்பே முடிவானவை. மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாதவை. மாறாத செலவை நாள்தோறும் எழுதி உங்கள் கையையும் பொறுமையையும் வீணாக்காதீர்கள்.

என் அம்மா வைத்திருந்த பால் கணக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதன் ஆணியில் ஒரு சிறு பென்சில் நூலில் கட்டியிருக்கும். பால் வந்த நாளுக்கு அவர் எதுவும் எழுதமாட்டார். பால் வராத நாளில் கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி; விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கிய நாளில் "½" என்று மட்டும் இருக்கும். மாதக் கடைசியில் பால்காரர் வாசலில் நிற்கும்போது, ஐந்தாறு குறிகளை எண்ணிக் கழித்துக் கூட்டினால் கணக்கு முடிந்தது. முப்பது நாளும் எழுதியிருந்தால் அவரும் பத்தாம் நாளில் நிறுத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன். வழக்கத்திலிருந்து விலகியதை மட்டும் எழுதுவது என்ற அந்த முறையைத்தான் உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

மேலே சொன்னவற்றைக் கழித்தால் 12,250 ரூபாய் மிஞ்சுகிறது. காய்கறி, மீன், பழம், பெட்ரோல், பேருந்து, பிள்ளைகள் கேட்பவை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதை மாதத்துக்கு என்று வைத்துக்கொண்டால் முதல் பத்து நாளிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே வாரத்துக்கு 2,800 என்று பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு 11,200 போக மீதி 1,050, மாதக் கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று நாளுக்கு உதவும். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும், நீங்கள் அன்றாடம் பணம் செலுத்தும் கணக்குக்கு அந்த வாரத் தொகையை மட்டும் மாற்றுங்கள். சம்பளம் விழும் கணக்கிலிருந்து கடைக்குப் பணம் செலுத்துவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும். இந்த ஒன்றில் தளர்வு கூடாது. இப்படிச் செய்துவிட்டால் புதன்கிழமை கடையில் நிற்கும்போது இருப்பைப் பார்த்தாலே, இந்த வாரம் இன்னும் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. வங்கிக் கணக்கு அறிக்கையில் மாதம் நூற்றைம்பது வரிகள் வருகின்றன, படித்தால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படிக்கவே வேண்டாம். ஒரு கடைக்கு 340 ரூபாய் போனது என்று அது சொல்லுமே தவிர, அந்தப் பணம் எண்ணெய்க்குப் போனதா, நொறுக்குத் தீனிக்குப் போனதா என்று சொல்லாது.

உங்கள் கணவரின் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செலவு முடிந்தபின் "எங்கே போனது?" என்று கேட்டால், எத்தனை மென்மையாகக் கேட்டாலும், கேட்கப்படுபவருக்கு அது விசாரணையாகத்தான் தோன்றும், அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் தோன்றும். அந்தக் கேள்விக்கே தேவையில்லாமல் செய்வதுதான் வழி. 2,800இல் பெட்ரோலும் தேநீரும் உட்பட அவருக்கு 700, பேருந்துக் கட்டணம் உட்பட உங்களுக்கு 400, மீதி 1,700 வீட்டுக்கு என்று பிரியுங்கள். அவருடைய 700க்கும் உங்களுடைய 400க்கும் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் தேநீர் குடித்தாலும், நீங்கள் பூ வாங்கினாலும் அது அவரவர் உரிமை. இந்த அளவுகளை நீங்களே முடிவுசெய்து அவரிடம் அறிவிக்காமல், தாளும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். 700 போதாது, 900 வேண்டும் என்று அவர் சொன்னால் வேறு எதில் குறைப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் வெளியிட்ட வீட்டுக் கணக்குப் புத்தகம் அந்நாட்டில் பெரும் வழக்கமாக வேரூன்றியது. செலவுக்கு முன்பே இனம் இனமாக ஒதுக்கிவைப்பதுதான் அவருடைய முறைக்கும் அடிப்படை. செலவுக்கு முன் பேசும் பேச்சில் குற்றவாளி என்று யாரும் இல்லை.

நோட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டும், ஆனால் அதில் ஒதுக்கீட்டுக்கு வெளியே போனவற்றை மட்டும் எழுதுங்கள்: கைப்பேசித் திரை உடைந்தது, குழந்தைக்குக் காய்ச்சல், தோழி வீட்டுப் புதுமனைப் புகுவிழா. தேதி, தொகை, காரணம் என்று ஒரு வரி போதும். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, எதிர்பாராதவை என்று எழுதியவற்றில் சில மீண்டும் மீண்டும் வந்திருப்பதைக் காண்பீர்கள். மாதந்தோறும் மருத்துவருக்கு 600 போகிறது என்றால் அதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி மாதப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இனி அபராதம். அது பணம் இல்லாததால் வந்ததன்று, கடைசி நாளை நினைவில் வைக்காததால் வந்தது. அந்த 2,000 ரூபாயை உங்கள் வண்டி இன்சூரன்ஸ் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு வண்டியின் ஆண்டுத் தொகை அது. முழுக் காப்பீடு எடுத்தவர்களுக்கு இன்னொரு நட்டமும் உண்டு: முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த தள்ளுபடி போய்விடும். மருத்துவக் காப்பீட்டில் விளைவு இன்னும் கடுமையானது. கடைசி நாளுக்குப் பிறகு புதுப்பிக்கத் தரும் சலுகை நாள்களும் கடந்துவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம். ஆகவே தினசரிக் காலண்டரில் இந்த நாள்களைக் குறித்துவையுங்கள். கடைசி நாளின் தாளில் எழுதினால் கிழிக்கும்போது காலம் கடந்திருக்கும், அதனால் பதினைந்து நாள் முந்தைய தாளில் சிவப்பு மையால் எழுதுங்கள். கைப்பேசி நினைவூட்டலும் நல்லதுதான். ஆனால் வேலை நேரத்தில் அது ஒலிக்கும், விரல் தள்ளிவிடும், மறந்துபோகும். காலண்டர் தாளைக் கிழிப்பவர் வீட்டில் நின்றுகொண்டு கிழிக்கிறார். ஆண்டு பிறந்து புதுக் காலண்டர் மாட்டும் அன்று, பழைய குறிப்புகளைப் புதியதில் எழுதும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். குடும்பத்தின் ஓராண்டு எப்படிப் போகிறது என்பதை அந்தக் குழந்தையும் அறிந்துகொள்ளும்.

காகிதங்களுக்கு ஒரே பை போதும். கல்வி, மருத்துவம், வண்டி என்று எட்டுக் கோப்புகள் வாங்கி அடுக்குபவர்கள் பெரும்பாலும் எதை எதில் வைத்தோம் என்றே தெரியாமல் தேடுகிறார்கள். வண்டியின் பதிவுச் சான்றையும் ஓட்டுநர் உரிமத்தையும் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் சேர்த்துவிடுங்கள். சோதனையின்போது அங்கிருந்தே காட்டலாம்.

செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடலாம், அதற்காக வருந்த வேண்டாம். புது நோட்டு வாங்கும் வரையிலும் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு மொய் நோட்டை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் நான் மேலே கூட்டிய ஏழு செலவுகளையும் அவை வரும் மாதங்களையும் எழுதுங்கள். கணவரிடம் காட்டி, விடுபட்டது ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். எட்டாவதாக ஒன்றை அவர் நிச்சயம் சொல்வார். அதையும் சேர்த்துக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, வரும் தொகையை அடுத்த சம்பள நாளன்று மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.