பயிற்சிக்குப் போகும் போர்க்கப்பலில் ஆயுதம் இருக்குமா?

மாட்டுங்கா நண்பரே, பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு உங்கள் மகன் எழுதியிருக்கும் "பன்னாட்டுப் பயிற்சிக்குப் போர்க்கப்பல்கள் ஆயுதம் இல்லாமல்தான் போய்வருகின்றன" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது.

பீரங்கி கப்பலோடு பொருத்தப்பட்டது. வீட்டில் வைத்துவிட்டுப் போக அது குடை அல்ல. கேள்வியெல்லாம் வெடிபொருளைப் பற்றித்தான். எதை, எவ்வளவு ஏற்றுவது என்பதை அந்தந்தக் கடற்படையே முடிவு செய்யும், வெளியே சொல்லிக்கொண்டிருக்காது. ஹவாயை மையமாகக் கொண்டு நடக்கும் ரிம்பாக் என்ற பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சியில் ஓய்வுபெற்ற கப்பல்களை உண்மையான ஏவுகணைகளாலும், நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோக்களாலும் மூழ்கடிக்கிறார்கள். வெறுங்கையோடு போனால் எதைச் சுடுவது? வெடிமுனை இல்லாத பயிற்சி டார்பிடோக்களும் உண்டு. ஓட்டம் முடிந்ததும் அவை மிதக்கும்; மீட்டு எடுத்துக்கொள்வார்கள்.

சட்டமும் தடுக்கவில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, இன்னொரு நாட்டின் எல்லைக் கடலைக் கடக்கும் கப்பல் அங்கே ஆயுதப் பயிற்சி செய்யக் கூடாது. ஆயுதம் வைத்திருப்பதே குற்றம் என்று அதில் இல்லை.

துறைமுகத்தில் நிற்கும்போதே ஆயுதம் ஏற்றப்பட்டிருக்கலாம் என்பதற்கு நம் மும்பையிலேயே துயரமான சான்று உண்டு. 2013 ஆகஸ்ட் 14 அன்று கடற்படைத் தளத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதனுள் டார்பிடோக்களும் ஏவுகணைகளும் இருந்தன.

அதற்காகப் பையன் மறுகோடிக்குப் போய், "எல்லாக் கப்பலும் முழு ஆயுதத்தோடு போகும்" என்று முழங்கிவிட வேண்டாம். அதற்கும் விதி இல்லை.