கீமோவுக்கு நடுவில் மூலிகை மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏறுகிறது. மருந்துச் சீட்டில் சைக்ளோபாஸ்பமைடு என்று இருக்கிறது. உறவினர் ஒருவர் மூலிகைச் சாற்று மாத்திரை வாங்கித் தந்தார். ‘மரபணுப் பிறழ்வைத் தடுப்பது ஆய்வகத்தில் நிரூபணம்’ என்று புட்டியில் போட்டிருக்கிறது. கொடுக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. புட்டியை அப்படியே எடுத்துப்போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மரபணுப் பிறழ்வை, அதாவது மரபணுவில் ஏற்படும் மாற்றத்தை, பார்க்கும் ஆய்வகச் சோதனைகளைப் பல வருடம் செய்தவள் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன்.

முதலில் செய்வது பெரும்பாலும் ஏம்ஸ் சோதனை. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு கெட்ட சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் மிகக் குறைவாக உள்ள தட்டில் பரப்புவோம். பிறழ்வை உண்டாக்கும் ரசாயனத்தைச் சேர்த்தால் சில பாக்டீரியாக்களில் அந்தக் கோளாறு தற்செயலாகச் சரியாகிவிடும். 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் அவை புள்ளி புள்ளியாக வளரும். மூலிகைச் சாற்றையும் சேர்த்தபோது புள்ளிகள் குறைந்தால், சாறு தடுத்தது என்று கணக்கு. ஆனால் சாறு பாக்டீரியாவையே கொன்றாலும் புள்ளி குறையும்! எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று தனியாகப் பார்க்காமல் என் மாணவர்களை முடிவு எழுத விட்டதே இல்லை.

அப்புறம் சுண்டெலி. அதன் எலும்பு மஜ்ஜைச் செல்களில் நுண்கருக்களை, அதாவது செல்லுக்குள் தனியாகத் தங்கிவிடும் சின்னத் துணுக்குகளை, எண்ணுவோம்; மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் உடைந்ததற்கு அவை அடையாளம். எலியின் குரோமோசோமை உடைக்க வழக்கமாக ஊசி போடும் மருந்துகளில் ஒன்று, உங்கள் அம்மாவுக்கு ஏறும் அதே சைக்ளோபாஸ்பமைடுதான். சாறும் கொடுத்த எலியில் நுண்கருக்கள் குறைந்தால், சாறு காத்தது என்று கணக்கு. அந்த மருந்து கட்டியைக் கொல்வதும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான். எலியின் நல்ல செல்லைக் காத்த சாறு, கட்டியின் செல்லையும் காத்துவிட்டால் என்ன செய்வது? கட்டி இல்லாத எலியை வைத்துச் செய்த சோதனையில் இதற்குப் பதில் கிடையாது. அதை மறைத்து நோயாளி வீட்டில் விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குழம்பில் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டாம். நான் சொல்வது செறிவாக்கிய சாற்றை.

கேள்வி: மூலிகையே மரபணுவைக் கெடுக்குமா? (வாசகர், தென்காசி)

பதில்: சிலது கெடுக்கும். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் சேர்ந்த குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. ஏம்ஸ் தட்டிலேயே அது பிறழ்வைக் காட்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் இந்தக் குடும்பத்துச் சீனச் செடி ஒன்று தவறுதலாகக் கலந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. பூச்சிக்கு, விஷக்கடிக்கு என்று யார் அரைத்துக் கொடுத்தாலும் இவற்றை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.