‘தி லை ட்ரீ’யை மகள் பாதியில் வைத்துவிட்டது பற்றி

வணக்கம் அம்மா. படிவம் இரண்டில் பயிலும் உங்கள் மகள், எழுத்தாளர் ஃபிரான்சிஸ் ஹார்டிங்கின் ‘தி லை ட்ரீ’ (பொய் மரம்) நாவலை 60 பக்கத்தோடு மூடிவிட்டதாகவும், இதற்கா பரிசு கொடுத்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 2015ஆம் ஆண்டின் சிறந்த நூலுக்கான பிரிட்டனின் கோஸ்டா பரிசைப் பெரியவர்களுக்கான நூல்களோடு போட்டியிட்டு வென்ற கதை அது; எழுத்தாளர் பிலிப் புல்மனின் நூலுக்குப் பின் அப்பெருமையைப் பெற்ற முதல் சிறுவர் நூலும் அதுவே.

தொடக்கம் மெதுவானதுதான். ஆனால் தந்தையின் மர்மச் சாவுக்குப் பிறகு, பொய்யை உண்டு வளர்ந்து, ஊரார் அதை நம்ப நம்பப் பெரிய கனி தரும் மரத்திடம் 14 வயது ஃபெய்த் கிசுகிசுக்கத் தொடங்கும்போது கதை நம்மை விடாது. சுங்கை சிப்புட்டில் நான் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளிடம், விடியுமுன் நெற்றிவிளக்கோடு பால்மரம் (ரப்பர் மரம்) சீவப்போன பாட்டிமாரை நினைவூட்டி, இருட்டில் மட்டுமே தழைக்கும் கதையின் பொய் மரத்தைப் பற்றிப் படித்துக் காட்டினேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. தந்தை இறக்கும் வரையிலான பகுதியை மட்டும் நீங்களே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.