விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் மான் வேட்டைக்குத் தாங்குமா?

கேள்வி: என் தம்பி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வேலை செய்கிறான். மான் வேட்டைக்கு ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ் போன்ற மலிவான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு வேட்டுக்கும் போல்ட் என்ற அடைப்பைக் கையால் இழுத்துத் தள்ளுவது) ஒன்றை வாங்கப் பார்க்கிறான். வைத்திருந்தவர்கள் அனுபவம் என்ன? பிறகு மலேசியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்:

தாங்கும். மூன்று மடங்கு விலை கொடுத்தவனின் குண்டு போய் விழும் இடத்தில்தான் உங்கள் தம்பியின் குண்டும் விழும். ஆனால் அந்த விலைக்குக் கொண்டுவர எங்கெங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். விக்டோரியாவின் கிப்ஸ்லாந்து பக்கம் பால்பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டு பல ஆண்டுகள் இருந்தேன். அந்த நாட்களில் இந்த விலையில் .308 அளவுத் தோட்டாவுக்கான ரைபிள் ஒன்று வைத்திருந்தேன். அது எந்த நிறுவனத்தின் ரைபிள் என்று சொல்லப்போவதில்லை. அதில் நான் கண்ட குறைகள் இந்த விலையில் வரும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குழலில் மட்டும் யாரும் ஏமாற்றுவதில்லை. சாவேஜ் ரைபிள்களில் குழலை ஒரு மரை (நட்டு) கொண்டு இறுக்கியிருப்பார்கள். தோட்டா உட்காரும் இடைவெளியை குழலைத் திருகியே துல்லியமாக வைத்து, அந்த மரையால் இறுக்கிவிடலாம். கைதேர்ந்த தொழிலாளி மணிக்கணக்கில் இழைக்க வேண்டியதில்லை. செலவு அங்கேயே குறைந்துவிடுகிறது, குறி குறைவதில்லை. 2012 வாக்கில் வந்த ரூகர் அமெரிக்கனில் போல்ட்டின் தலையில் மூன்று பூட்டுப் பற்கள் இருக்கின்றன. அதனால் பிடியை 70 பாகை தூக்கினால் போதும். இரண்டு பல் வைத்த ஆக்ஸிஸில் 90 பாகை தூக்க வேண்டும். தூக்கும் கோணம் குறைவு என்பதால், மேலே மாட்டும் குறிநோக்கியான ஸ்கோப்பில் கை இடிக்காது. அதற்கு விலையாக, தூக்கும்போது சற்று அதிக பலம் கேட்கும். விசையும் நன்றாகவே இருக்கிறது. ரூகரில் அதை இழுக்கத் தேவையான பலத்தை நாமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும்படி குறைத்துக்கொள்ளலாம். சாவேஜ் என்றால் ஆக்ஸிஸ் 2 வாங்கச் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடிய விசை அதில்தான் வருகிறது.

கைவைத்தது குழலைத் தாங்கும் கட்டையில். அது வார்த்தெடுத்த பிளாஸ்டிக். மழைக்கு உப்பாது, வெயிலுக்கு வெடிக்காது. ஆனால் முன்பகுதியை விரலால் அழுத்தினாலே வளையும். கீழே ஒரு தாங்கியை மாட்டிப் படுத்துச் சுட்டாலோ, தோள்வாரை இழுத்துப் பிடித்தாலோ, கட்டை போய்க் குழலைத் தொடும். தொட்டால் குறி நகரும். என் ரைபிளில் முதல் குண்டு ஓரிடம், வாரை இறுக்கிப் பிடித்துச் சுட்ட அடுத்த குண்டு நாலு விரற்கடை தள்ளி. ஒரு பணநோட்டை மடிக்காமல் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் செருகிப் பின்னோக்கி இழுத்தேன். வலப்பக்கம் பாதியில் சிக்கிக்கொண்டது. சிக்கிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, நோட்டு தடையில்லாமல் ஓடும்வரை அகலப்படுத்தினேன். சற்று நேரத்தில் முடிந்துபோகிற வேலை. புது ரைபிள் கைக்கு வந்ததும் உங்கள் தம்பியும் இந்த நோட்டுச் சோதனையைச் செய்து பார்க்கட்டும்.

தோட்டாக்களை நிரப்பி மாட்டும் கூட்டிலும் பிளாஸ்டிக் உண்டு. உள்ளே தள்ளினால் மட்டும் போதாது, பூட்டும் சத்தம் கேட்டதா என்று பார்த்துப் பழக வேண்டும். போல்ட் புதிதில் மணல் கலந்ததுபோல் ஓடும்; போகப்போகத் தானே வழுவழுப்பாகிவிடும்.

கடைகளில் ஸ்கோப்பையும் சேர்த்தே ஒரு விலைக்குக் கொடுப்பார்கள். அந்த ஸ்கோப்பை நம்பாதீர்கள். விக்டோரியா மலைச்சரிவில் குளிர்காலக் காலையில், மூச்சுக்காற்று பட்டாலே மங்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு கரிய மானைக் கரிய புதரில் தேடுவது வீண்வேலை. ரைபிளில் மிச்சம் பிடித்த பணத்தை ஸ்கோப்பில் போடச் சொல்லுங்கள். மீதியில் மூன்று நான்கு வகைத் தோட்டாக்கள் வாங்கி, எது தன் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்க்கட்டும். 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் தாராளம். அங்கே கடமானைப் பெரும்பாலும் அதற்கும் குறைவான தூரத்தில்தான் சந்திப்போம். நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும்.

இன்னொன்று. .243 மலிவாகக் கிடைக்கிறது, உதைப்பு குறைவு என்று கடைக்காரர் சொல்வார். அது புள்ளிமானுக்கு ஆகும். கடமானுக்கு விக்டோரியா சட்டமே குறைந்தது .270 அளவும் 130 கிரெய்ன் (ஏறக்குறைய 8.4 கிராம்) எடையுள்ள குண்டும் வேண்டும் என்கிறது. ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும் பிராணி. .308 அல்லது .30-06 வாங்கினால் எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். எடை குறைந்த ரைபிள் என்பதால் தோளில் நன்றாகவே உதைக்கும். அதற்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு விடுமுறையில் வந்தபோது பெரியப்பாவிடம் படத்தைக் காட்டினேன். தோட்டத்தில் செம்பனைக் கன்றுகளைத் தோண்டும் காட்டுப்பன்றிகளை உரிமம் பெற்ற 12 போர் சன்னத் துப்பாக்கியால் விரட்டிய மனிதர் அவர். "ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டுமா? நீ தள்ளி முடிப்பதற்குள் பன்றி தைப்பிங் போய்ச் சேர்ந்துவிடும்" என்றார். சன்னத் துப்பாக்கிக்காரர் அப்படித்தான் பேசுவார். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்திரேலியாவில் தானாகத் தோட்டா ஏற்றும் ரைபிள்கள் சாதாரண வேட்டைக்காரர் கைக்கு எட்டாமல் போய்விட்டன. அங்கே மான் வேட்டை என்றால் பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன்தான். முதல் குண்டை நிதானமாக வைத்தால் இரண்டாவதுக்கு வேலை குறைவு.

இனி, ஊருக்குக் கொண்டுவருவது. வேண்டாம், அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில் அனுமதியில்லாத் துப்பாக்கிக்குத் தூக்கு. அந்தக் கண்டிப்பு இன்னும் மறையவில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் தரும் உரிமம் இல்லாமல் எதையும் வைத்திருக்க முடியாது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம் 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் தரும். தோட்டத்தில் பயிர்க்காவலுக்குக் கிடைப்பது சன்னத் துப்பாக்கிதான். மான் ரைபிளைக் காட்டி நியாயம் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை.

கொண்டுவந்தாலும் எதைச் சுடுவது? ஆங்கிலேயர் 1860களில் கொண்டுபோய் விட்ட கடமான் விக்டோரியா மலைகளில் பெருகித் தொல்லையாகிவிட்டது. நம் காட்டில் அதே கடமான், மலாய்க்காரர் ரூசா என்கிற அதே பிராணி, அருகிவிட்டது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதை வேட்டையாடப் பல ஆண்டுகளாக அனுமதி தருவதில்லை. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் தீபகற்பக் காட்டில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. அவற்றின் முக்கிய இரையில் நாம் பங்கு கேட்க முடியாது. மான் பிரட்டல் சாப்பிட ஆசை என்றால் பண்ணையில் வளர்க்கும் தீமோர் மானின் இறைச்சி கிடைக்கிறது.

நான் திரும்பும்போது உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் மூலம் ரைபிளை விற்றுவிட்டு வந்தேன். உங்கள் தம்பியும் அதையே செய்யட்டும். மலிவு ரைபிளைத் திரும்ப விற்கும்போது பாதி விலைகூடத் தேறாது. ஸ்கோப்பைக் கழற்றித் தனியாக விற்றால் அதற்குத்தான் நல்ல விலை வரும்.