தினமும் ஓட்டும் காரில் ஆட்டோகிராஸ்: நுழைவுக் கட்டணம் மட்டும்தான் செலவா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். வயது 31. மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் உண்டு. கைக்கு வரும் சம்பளம் மாதம் 72,000 ரூபாய். வாடகை 14,000, குடும்பச் செலவு 22,000, பெற்றோருக்கு 6,000, கார் தவணை 9,400, எஸ்.ஐ.பி. எனும் மாதாந்திர மியூச்சுவல் ஃபண்டு முதலீடு 8,000 என்று போகிறது. வங்கி வைப்பில் 1,10,000 ரூபாய் இருக்கிறது. கடனில் வாங்கிய ஸ்விஃப்ட் காருக்கு இன்னும் 38 தவணைகள் பாக்கி. அடுத்த மாதம் நடக்கும் ஆட்டோகிராஸ் (கூம்புகள் நட்ட பாதையில் நேரம் கணக்கிட்டு ஓட்டும்) போட்டியில் இதே காருடன் கலந்துகொள்ளும்படி நண்பர்கள் அழைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 3,500 ரூபாய். "அதற்கு மேல் செலவில்லை, காருக்குத்தான் முழுக் காப்பீடு இருக்கிறதே" என்கிறார்கள். இது சரியா? அல்லது இதற்கென்றே ஒரு லட்ச ரூபாயில் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாமா?

பதில்: போட்டியில் நீங்கள் கலந்துகொள்ளலாம், ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், பழைய காரும் வேண்டாம். காப்பீடு பற்றி நண்பர்கள் சொன்னது முற்றிலும் தவறு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கார் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ் இருப்பதைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு விடுதல், சரக்கு ஏற்றுதல் ஆகியவற்றோடு, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வாகனத்தின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று அங்கே அச்சிட்டிருக்கும். இது ஏதோ ஒரு நிறுவனம் தந்திரமாக நுழைத்த நிபந்தனை அன்று. நாட்டின் கார் பாலிசிகளில் பல்லாண்டுகளாக இருந்துவரும் பொது வாசகம். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் வாகனம் பயன்படுத்தப்பட்டிருந்தால் மூன்றாம் நபர் இழப்பீட்டுப் பொறுப்பையும் மறுத்து வாதாட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் தருகிறது. தேய்மானம் கழிக்காத இழப்பீடு, எஞ்சின் பாதுகாப்பு என்று கூடுதல் பணம் கட்டி எதைச் சேர்த்திருந்தாலும், அவையெல்லாம் மூல பாலிசியின் வரம்புக்குள் அடங்கியவையே. உற்பத்தியாளரின் உத்தரவாதமும் போட்டிப் பயன்பாட்டால் வரும் பழுதுகளைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆக, வீட்டிலிருந்து மைதானத்துக்குப் போய்வரும் வழியில் உங்கள் கார் காப்பீடு உள்ள கார். தொடக்கக் கோட்டில் நிற்கும் நொடியிலிருந்து அது காப்பீடே இல்லாத கார்.

அதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆட்டோகிராஸில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. கூம்புகளை நட்டு அமைத்த வளைந்த பாதையில் ஒரு நேரத்தில் ஒரு கார் ஓடுகிறது, கடிகாரம்தான் எதிராளி. கூம்பைத் தட்டினால் நேரத்தில் தண்டனை நொடிகள் சேரும். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும் ஓட்டம் இது. செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதனின் பெயரில் ஓடுதளமே வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. கார் பந்தய வகைகளில் வீட்டுக் காரோடு நுழைவதற்கு இதைவிடச் செலவு குறைந்த வாசல் இல்லை என்பதும் உண்மை. ஆனால் நம் பக்கத்தில் இது பெரும்பாலும் மண் தரையில் நடக்கிறது. கார் உருண்டு நொறுங்குவது அரிது. முன் பம்பர் உடைவது, அடிப்பகுதி கல்லில் இடிபடுவது, வீல் ரிம் வளைவது போன்றவைதான் நடக்கக்கூடியவை. உங்கள் காருக்கு இத்தகைய சேதத்துக்காக 40,000 ரூபாய் ஒதுக்கச் சொல்வேன். மிக மோசமான நிலையையும் ஒருமுறை கணக்குப் போட்டு வையுங்கள்: பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 38 தவணைகளுக்கான அசல் பாக்கி இன்றைக்குச் சுமார் 3,05,000 ரூபாய். கார் பயனற்றுப்போனாலும் வங்கி அந்தத் தவணையை மாதந்தோறும் எடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இனி, சேதம் எதுவும் இல்லாமல் நல்லபடியாக முடியும் நாளின் செலவு. நுழைவுக் கட்டணம் 3,500. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதி பெற்ற போட்டி என்றால் போட்டியாளர் உரிமம், மருத்துவச் சான்று, விதிப்படியான ஹெல்மெட் ஆகியவை தேவைப்படும். இவற்றுக்கு 4,000 வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், பிரேக் ஆயில் மாற்றம், போட்டிக்குப் பின் வீல் அலைன்மென்ட், மண் அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவற்றுக்கு இன்னொரு 3,000. டயர் தேய்மானத்தைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. திருப்பத்தில் காரின் எடையில் பெரும்பகுதி முன் டயரின் வெளித்தோளில் இறங்குவதால், நடுப்பகுதி புதிதுபோல் இருக்கும்போதே ஓரம் மட்டும் அறுபட்டதுபோல் தேய்ந்துவிடும். அனுபவசாலிகள் டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர்வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடுவார்கள். கெட்டித்தரையில் ஒரு சுற்று முடிந்து பார்க்கும்போது கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை என்று பொருள். காற்றழுத்தத்தை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூட்டினால் டயர் மடிந்து உருள்வது குறையும். கையில் ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்பதால்தான், நிதிப் பகுதியில் இதை எழுதுகிறேன். டயருக்கு ஒரு போட்டிக்கு 2,000 ரூபாய் வைத்தால், ஒரு நாளின் முழுச் செலவு 12,500 ரூபாயை ஒட்டி வருகிறது. நண்பர்கள் சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் பம்பர் உடைந்தால், "திரும்பி வரும்போது நாய் குறுக்கே வந்தது என்று எழுதிக் கொடுத்துவிடு" என்று யோசனை சொல்ல அங்கேயே யாராவது இருப்பார்கள். அது பொய்க் கோரிக்கை. போட்டியாளர் பட்டியலும் காணொளிகளும் இணையத்தில் கிடக்கும்; காரின் அடியில் ஒட்டிய மண்ணைப் பார்க்கும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு விளக்கமும் தேவைப்படாது. கோரிக்கை நிராகரிக்கப்படுவதோடு, பாலிசியே செல்லாததாக்கப்படவும் வழக்கு வரவும் இடமுண்டு. 40,000 ரூபாய்க்காக இறங்கக்கூடிய வேலை அன்று.

உடலுக்கு வரும் ஆபத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான மருத்துவக் காப்பீட்டு விலக்கில், சாகச விளையாட்டுகளில் 'தொழில்முறையாக' ஈடுபடுவோரின் சிகிச்சைச் செலவே விலக்கப்படுகிறது. மோட்டார் பந்தயம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. நீங்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர் என்பதால் அந்த விலக்கு உங்கள்மேல் பாயக் கூடாது. ஆனாலும் உங்கள் பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதா என்பதைப் படித்து உறுதிசெய்யுங்கள். அலுவலகம் தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால் மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீட்டோடு சேர்க்கும் விபத்து ரைடரும் வேறு கதை. பந்தயத்தில் நேரும் விபத்தை அவை பெரும்பாலும் ஏற்பதில்லை. டெர்ம் பாலிசி (இறப்பு நேர்ந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் அது இல்லையென்றால், ஹெல்மெட்டுக்கு முன் வாங்க வேண்டியது அதுதான். விண்ணப்பத்தில் அபாயகரமான பொழுதுபோக்கு பற்றிய கேள்வி வரும். ஆட்டோகிராஸில் கலந்துகொள்ளும் எண்ணம் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினால் கூடட்டும்.

பழைய கார் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு லட்சத்துக்குக் கிடைக்கும் கார் பெரும்பாலும் 15 ஆண்டை நெருங்கியதாகவோ கடந்ததாகவோ இருக்கும். பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணமே 5,000 ரூபாய், தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. சாலையில் ஓட்ட மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யவாவது ஆள் வேண்டும். ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காத விளையாட்டுக்காக உங்கள் சேமிப்பு மொத்தத்தையும் ஒரு பழைய எஞ்சினுக்குள் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் கணக்கில் மாதம் மிஞ்சுவது 12,600 ரூபாய். எஸ்.ஐ.பி. நீங்கலாகத் தவிர்க்க முடியாத செலவு 51,400 என்பதால், வைப்பில் உள்ள 1,10,000 இரண்டு மாதத்துக்குத்தான் தாங்கும்; அதைத் தொடக் கூடாது. உபரியை நான்கு மாதம் தனியாகச் சேர்த்தால் 50,400 ரூபாய் ஆகும். சேதத்துக்கான 40,000, போட்டி நாளுக்கான 12,500 என்ற இரண்டும் அநேகமாக அதிலேயே அடங்கிவிடும். குறையும் இரண்டாயிரத்தை அந்த மாதச் சம்பளத்தில் சமாளிக்கலாம். கிரெடிட் கார்டும் தனிநபர் கடனும் இதில் நுழையவே கூடாது. போட்டி சேதமில்லாமல் முடிந்தால் 40,000 ரூபாயை அப்படியே வைப்பில் சேர்த்து அவசர நிதியை மூன்று மாதச் செலவுக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோங்கள். அடுத்த போட்டியைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.

அடுத்த மாதப் போட்டிக்கு நண்பர்களோடு கார் இல்லாமல் போங்கள். விழுந்த கூம்புகளை எடுத்து வைக்கவும் பாதையோரம் நிற்கவும் அமைப்பாளர்களுக்கு ஆள் தேவைப்படும். அங்கே நின்றால் எந்தத் திருப்பத்தில் எந்த மாதிரிக் கார் அடிபடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். அமைப்பாளரிடம் இரண்டு தாள்களைக் காட்டச் சொல்லுங்கள்: எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி, போட்டியில் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுசெய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீடு. இரண்டில் எதைக் கேட்டாலும் மழுப்புகிறவரின் போட்டியில், நான்கு மாதம் கழித்தும் பெயர் கொடுக்காதீர்கள்.