வீணையை ஓரம் வைக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

கரிம வேதியியலில் முதுநிலை முதலாண்டு படிக்கும் தங்கள் மகளிடம், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு முடியும்வரை வீணையைத் தொடக்கூடாது என்று சொல்லலாமா எனக் கேட்டிருந்தீர்கள். சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கேட்கும் வீணையைவிட, தங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது: இயற்பியல் விதிகளைக் கொண்டு வேதி மாற்றங்களை விளக்கும் இயற்பிய வேதியியலைக் கண்டாலே அவர் ஒதுங்குகிறார் என்பது.

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் வேதி அறிவியல் தாள் 200 மதிப்பெண்ணுக்கானது. அதில் கனிமமும் இயற்பியமும் கலந்தே வரும், தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும். இயற்பியத்தின் பகுதிகளான குவாண்டம் வேதியியலையும் வெப்ப இயக்கவியலையும் விட்டுவிட்டு, கரிம வினைகள் படிப்படியாக எப்படி நடக்கின்றன என்னும் வினைவழிமுறைகளை மட்டும் நம்பி இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையை எட்டுவது கடினம். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. முனைவர் பட்டக் காலத்தில் வீட்டை எதிர்பார்க்காமல் இருக்க அது போதும். ஐஐடிகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர கேட் என்னும் மற்றொரு தேசியத் தேர்வும் ஒரு வழிதான். ஆனால் எவ்வழியில் சென்றாலும் நேர்காணலில் கரும்பலகை முன் நிறுத்தி, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்வார்கள். அது கரிம வேதியியல் என்பதால் அங்கே தங்கள் மகளுக்குப் பயமிருக்காது.

பொழுதுபோக்கால் ஆராய்ச்சி கெடும் என்போருக்கு நான் வழக்கமாகச் சொல்வது அலெக்சாந்தர் போரோதினைப் பற்றி. புனித பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்து, கரிம வேதியியலின் அடிப்படை வினைகளில் ஒன்றான ஆல்டால் வினையைக் கண்டறிந்தோரில் ஒருவராக மதிக்கப்படும் அவர், ரஷ்ய இசையின் பெரும் படைப்பாளிகளிலும் ஒருவர். ஆயினும் தங்களிடம் மறைக்கக் கூடாது: 1869இல் தொடங்கிய இசை நாடகத்தை 1887இல் இறக்கும்வரை அவரால் முடிக்க இயலவில்லை, நண்பர்கள்தான் முடித்தார்கள். ஆய்வகமும் வகுப்பும் அவர் நேரத்தை விழுங்கின. இரண்டில் எது காத்திருக்க நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு சேர்மத்தைப் படிப்படியாக உருவாக்கும் தொகுப்பு பதினோராம் படியில் பொய்த்து, மாதக்கணக்கான உழைப்பு குடுவையில் கருந்தாராக நிற்கும் நாட்கள் இத்துறையில் சாதாரணம். அன்று மாலை கை வைக்க வேறொன்று உள்ளவர்கள், மறுநாள் குடுவையைக் கழுவிவிட்டு மீண்டும் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்கள் கச்சேரிகளை மட்டும் நிறுத்தட்டும், வீணைச் சாதகம் தொடரட்டும். காலையில் ஒரு மணி நேரம் இயற்பிய வேதியியலுக்கு.

மற்றொன்று, அறிவியல் அகாதெமிகள் இணைந்து வழங்கும் இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்தாரா? ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. கோடைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். அதை இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.